ஃபர்வானியாவில் ரத்தம் ஊறிய கோடை

எங்கள் வீட்டில் களைப்பை யாரும் நோய் என்று மதித்ததில்லை. வேலை செய்தால் களைப்பு வரும், தூங்கினால் போகும், போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். அப்பா அரபு நாட்டில், யான்புவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் டெக்னீஷியன். அம்மா குவைத்தில், ஃபர்வானியாவில், ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். நான் நாகர்கோவிலில் கல்லூரி ஹாஸ்டல். மூன்று பேரும் மூன்று ஊரில் களைத்துக் கிடந்தோம். போனில் ஒருவர் "எப்படி இருக்கே" என்று கேட்டால் மற்றவர் "நல்லா இருக்கேன்" என்பார். அதற்கு மேல் யாரும் யாரையும் தோண்டுவதில்லை.

அதனால்தான் பெங்களூரில் ராணுவ மருத்துவக் குழு என் ரத்தத்தில் சத்து போதாது என்று எழுதிக் கையில் கொடுத்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. என்.சி.சி.யில் இருந்த தைரியத்தில் விண்ணப்பித்தேன். கயிறு ஏறினேன், பள்ளம் தாண்டினேன், வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகள் முன்னால் பயப்படாமல் பேசினேன். தேர்வாகிவிட்டேன். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு ஊசி குத்தி எடுத்த ரத்தம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தற்காலிகமாகத் தகுதியில்லை என்றார்கள். சில வாரம் அவகாசம் தருகிறோம், உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி வா, அப்போதும் இப்படியே இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அடுத்த முறை விண்ணப்பிக்க எனக்கு வயது கடந்திருக்கும். சென்னையில் பயிற்சி தொடங்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த வட்டத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

தேர்வு முடிந்ததும் அம்மாவிடம் போய் இருக்கலாம் என்று கிளினிக் முதலாளி தயவில் ஏற்கெனவே விசிட் விசா எடுத்து வைத்திருந்தோம். கொண்டாட்டத்துக்காக எடுத்த விசா, ரத்தம் ஊற வைக்கப் பயன்பட்டது.

குவைத் விமான நிலையத்தில் அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளத்துணி மாதிரி இருக்கு. ஹாஸ்டல்ல என்னத்த மக்களே தின்ன?" என்றார்.

"எல்லாரும் தின்னதத்தான்."

"போட்டும். ரத்தம் ஊற வச்சிரலாம்."

அம்மாவுக்கு இந்த வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் என்னைவிட வெறி இருந்தது. அதற்குக் காரணம் தேசபக்தி அல்ல. "கஃபீல் இல்லாத வேலை" என்பார்; கஃபீல் என்றால் விசா கொடுத்துக் கையில் பிடித்து வைத்திருக்கும் முதலாளி. அவருடைய பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. லீவு கேட்க வேண்டுமானால் முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும் நாளைப் பார்க்க வேண்டும். கல்ஃப் யுத்தத்தின்போது கையில் ஒரு பையோடு ஊருக்கு ஓடி வந்தவர், அடங்கியதும் திரும்பிப் போய் அதே கஃபீலிடம் அதே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டார். வேறு வழி இருக்கவில்லை. தன் மகளாவது யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் சம்பளம் வாங்க வேண்டும் என்று நினைத்தார். அதை வெளியிலும் சொன்னார், அடிக்கடி சொன்னார், கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போகும் அளவுக்குச் சொன்னார்.

நாங்கள் இருந்தது நான்காவது மாடியில். இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை. ஒரு அறையில் அம்மா. இன்னொன்றில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அவர் காலையில் கடையைத் திறக்கப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவார். மனைவியை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். லிஃப்ட் பெயருக்கு இருந்தது. நான் போன அன்றும் ஓடவில்லை, திரும்பிய அன்றும் ஓடவில்லை. அம்மா இரண்டு மாடி ஏறியதும் நின்று கைப்பையைத் திறந்து சாவியைத் தேடுவார். மூன்றாவது மாடியில் மறுபடி தேடுவார். சாவி அவர் கையிலேயே இருக்கும். ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டேன்.

கல்ஃப்காரர்களுக்கு "மெடிக்கல்" என்ற சொல்லைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. விசா வருவதற்கு மெடிக்கல், வந்து இறங்கியதும் மெடிக்கல், விசா புதுப்பிக்கவும் மெடிக்கல். ஃபிட் என்று எழுதினால் சோறு, அன்ஃபிட் என்று எழுதினால் ஊர். எங்கள் அப்பா வாலிபத்தில் பம்பாயில் முதல் மெடிக்கலுக்குப் போனபோது, முன்பு ஏதாவது நோய் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது, கீழாநெல்லி குடித்துச் சரியாகிவிட்டது என்று வெகுளியாகச் சொல்லியிருக்கிறார். அன்ஃபிட். அந்த விசா வரிசையில் பின்னால் நின்றவனுக்குப் போனது. அடுத்த முறை எல்லாக் கேள்விக்கும் "நோ" என்றார். யான்பு கிடைத்தது. அன்றிலிருந்து அது எங்கள் குடும்பச் சட்டம். பெங்களூருக்கு நான் கிளம்பும்போதும் போனில் அதைத்தான் சொன்னார்.

"டாக்டர் என்ன கேட்டாலும் நோ. கேட்டியா மக்களே? தலவலி உண்டா? நோ. மயக்கம் உண்டா? நோ. நம்மளா ஒண்ணும் சொல்லப்பிடாது."

அப்படியே செய்தேன். அந்த முதல் மருத்துவக் குழுவில் எத்தனை கேள்வி கேட்டார்களோ அத்தனைக்கும் நோ. கேட்டு முடிப்பதற்குள்ளேயே நோ. இவ்வளவு ஆரோக்கியமான பெண்ணுக்கு ரத்தம் மட்டும் எங்கே போனது என்று அவர்கள் குழம்பியிருக்க வேண்டும்.

மறுநாளே அம்மா தன் கிளினிக் லேபில் என் ரத்தத்தைப் பரிசோதித்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. அன்றைக்கே வைத்தியம் தொடங்கிவிட்டது. காலையில் இரும்புச்சத்து மாத்திரை, அதோடு ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாறு. மாத்திரை போட்டபின் டீ கூடவே கூடாது.

"டீ இரும்பத் தின்னுரும். குடிக்கண்டாம்" என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னார். சொன்னபோது அவர் கையில் டீ இருந்தது. அம்மாவின் டூட்டியே டீயில்தான் ஓடியது.

ராத்தா தன் பங்குக்கு ஈரலில் இறங்கினார். மிளகு போட்டு வறுத்த ஈரல், ஈரல் குழம்பு, ஈரல் வைத்த சம்சா.

"மூஞ்சியப் பாருங்கோ, சிஸ்டர். ராணுவத்துக்குப் போற புள்ளையா இது? காத்தடிச்சா சாஞ்சிரும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே என் தட்டில் வைப்பார். ஈரலுக்குப் பிறகு பேரீச்சம்பழம். பேரீச்சம்பழத்துக்குப் பிறகு மாதுளை. பத்து நாளில் எனக்கு ஈரல் வாசம் தலையணையிலிருந்தும் வந்தது. மாத்திரையால் வயிறு இறுகிப்போனது வேறு. அதை அம்மாவிடம் சொன்னால் இன்னொரு மாத்திரை வரும் என்பதால் சொல்லவில்லை.

உடம்பு தேறினால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும். பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட விடுவார்கள் என்று எனக்கு முன்னால் தேர்வான ஒரு பெண் எழுதியிருந்தாள். ஃபர்வானியாவில் ஒரு பெண் எங்கே ஓடுவது? தெருவில் காலையில் ரொட்டிக் கடை வரிசை, மாலையில் டாக்ஸி வரிசை, எந்நேரமும் ஆண்கள். நடந்தாலே திரும்பிப் பார்ப்பார்கள். ஓடினால் யார் துரத்துகிறார்கள் என்று கேட்பார்கள். கடைசியில் அம்மா கட்டடக் காவல்காரரிடம் மொட்டைமாடிச் சாவியை வாங்கினார். எகிப்திலிருந்து வந்த அந்த மிஸ்ரிக்காரரின் பிள்ளைகளுக்கு அம்மா வீட்டுக்கே போய் ஊசி போட்டதுண்டு. எதற்குச் சாவி என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹர்ப் கலாஸ்!" என்றார். யுத்தம் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு ஓடுகிறாய் என்று அர்த்தம்.

விடியும் நேரத்தில் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக மாடிக்குப் போவேன். அந்நேரத்திலேயே சிமெண்டுத் தரை முந்தின நாள் வெயிலை விடாமல் வைத்திருக்கும். தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி, டிஷ் ஆண்டெனாக்களுக்கு நடுவே, ஏ.சி. மெஷின்கள் கக்கும் அனல் காற்றில் ஓடுவேன். நாலு சுற்றில் மூச்சு முட்டும். ஆறாவது சுற்றில் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறக்கும். எனக்கு என்மேல் அப்படியொரு வெறுப்பு வரும். சோம்பேறி, சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இன்னொரு சுற்று இழுப்பேன். ராத்திரி டூட்டி முடிந்த நாள்களில் அம்மா நேராக மாடிக்கே வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தொட்டிப் படியில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கியும் போவார்.

கீழே இறங்கியதும் இருவரும் செய்யும் முதல் வேலை ஃபிரீசரைத் திறப்பது. அம்மா ஷூவைக் கழற்றுமுன் ஐஸ் தட்டை எடுத்து மேடையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு கிண்ணம் நிறைய ஐஸ். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் கடக் கடக்கென்று கடித்துத் தின்போம். தண்ணீர் குடித்தால் அடங்காது. கடிக்க வேண்டும். எனக்கு ஹாஸ்டலில் ஐஸ் கிடைக்கவில்லை. அங்கே அரிசி மூட்டை இருந்த அறைப்பக்கம் போனால் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போடாமல் வரமாட்டேன். இங்கே அம்மாவைப் பார்த்து ஐஸுக்கு மாறிக்கொண்டேன்.

"ஒரு நாளும் எனக்கு ஐஸ் மிஞ்சறதில்ல. எங்க மாப்புள வந்து சர்பத்து கேட்டாஹன்னா நான் எங்கே போவேன்?" என்று ராத்தா சத்தம் போடுவார்.

"வெளிய சூட்டப் பாத்தீங்களா ராத்தா? உள்ளெல்லாம் எரியுது" என்பார் அம்மா.

அது ஜூலை மாதம். குவைத்தில் ஜூலையில் ஐஸ் தின்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வாரம் பரிசோதித்தபோது ரத்தம் ஒன்பதைத் தாண்டிப் பத்தை நெருங்கியிருந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். லேபிலிருந்து ராத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். ராத்தா அன்று ஈரலைத் தலைமுழுகிவிட்டு மீன் வறுத்தார். அதற்கடுத்த பரிசோதனையில் மறுபடி ஒன்பதுக்குக் கீழே வந்துவிட்டது. லேபில் ஏதோ தப்பு என்று அம்மா இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அதே எண்தான் வந்தது. இத்தனை ஈரலும் மாத்திரையும் எங்கே போயின என்று எனக்கும் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும். ஆனால் புரிவதற்கும் கொஞ்சம் ரத்தம் வேண்டியிருக்கிறது.

மறுநாள் விடியற்காலை நான் மாடியில் விழுந்தேன். கறுப்புப் புள்ளிகள் பறந்தன, பிறகு புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. கண் திறந்தபோது அம்மா என் தலையை மடியில் வைத்து, இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே அவர் விரல்கள். நகங்கள் வெளுத்துப்போய், மெழுகு நிறத்தில் இருந்தன. ஓயாமல் டெட்டால் போட்டுக் கழுவும் கை, அதனால் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதற்குமேல் நினைக்கத் தெம்பில்லை.

"பீரியட்ஸா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. துணியை எப்படி அலசிக் காயப்போட வேண்டும் என்று ஒரு தடவை சொல்லித்தந்ததோடு சரி. அன்று அம்மா இங்கிலீஷ் சொல்லைப் போட்டு, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஆமா."

"எத்தன நாளு போகும்?"

"எட்டு, ஒம்பது. சில மாசம் அதுக்கு மேலயும்."

"நிறைய போகுமா?"

"ரெண்டு துணி வச்சாலும் பத்தாது."

"பாவி மட்ட! எதுக்கு இவ்வளவு நாளும் சொல்லல?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன். ஒங்களுக்கும் அப்பிடித்தானே? டூட்டிக்குப் போகும்போது பையில எப்பளும் இன்னொரு யூனிஃபார்ம் கொண்டுபோறீங்கல்லா?"

அம்மா என் நெற்றியிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "என் கத இப்ப எதுக்கு? எந்திரி, பையப் பைய எறங்கு" என்றார்.

அன்றைக்கே அவர் கிளினிக்கிலிருந்த மிஸ்ரி லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேனில் கோளாறு ஒன்றும் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க டாக்டர் மாத்திரை கொடுத்தார். குழாயை மூடாமல் தொட்டியை நிரப்பப் பார்த்தீர்களே, சிஸ்டர் என்று டாக்டர் அம்மாவைக் கேலி செய்தார். அம்மா சிரித்துவைத்தார். நான் பரிசோதனைக் கட்டிலிலிருந்து இறங்கியபோது, அடுத்ததாக அம்மாவும் அதில் ஏறிப் படுத்திருக்கலாம். கதவுக்கு வெளியே மூன்று நோயாளிகள் காத்திருந்தார்கள். அம்மா விரிப்பை உருவி மாற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ரத்தம் உண்மையாகவே ஊறியது. அடுத்த மாதம் ஐந்தே நாளில் நின்றது. பத்தைத் தாண்டியது, பதினொன்றைத் தொட்டது, அதையும் தாண்டியது. எட்டாவது சுற்று, பத்தாவது சுற்று என்று மாடியில் ஓடினேன். புள்ளிகள் வரவில்லை. களைப்பு இல்லாமல் காலையில் எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த வயதில்தான் முதல்முறையாகத் தெரிந்தது. எல்லோரும் இப்படித்தான் எழுந்திருக்கிறார்களா, இத்தனை வருடமும் என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது. ஐஸ் ஆசை தானாகவே விட்டுப்போனது. ஃபிரீசரைத் திறப்பது அம்மா மட்டும்தான் என்றானது. நான் அதைக் கவனிக்கவில்லை. ராத்தா கவனித்தார்.

"ஒங்க புள்ள திருந்திருச்சு, சிஸ்டர். நீங்கதான் இன்னும் பாக்கி" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அப்பா யான்புவிலிருந்து போன் செய்தார். விழுந்த கதையையும், டாக்டர் கேட்டால் இந்த முறை சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதையும் அம்மா சொன்னார். நான் போனை வாங்கியதும் அப்பாவின் குரல் உயர்ந்தது.

"இப்பத்தான் சரியாப் போச்சுல்லா? அப்புறம் என்னத்துக்கு அத அங்க போய் ஊர்வலம் விடணும்? மாத்திர திங்கேன், ரத்தம் நிறைய போகும்னு சொன்னா பொம்பளைய ராணுவத்துல வைப்பானா? நோ சொல்லிட்டு வா."

அப்பா சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. சொன்னால் அன்ஃபிட். சொல்லாமல் போய், பயிற்சியில் மூட்டையோடு ஓடும்போது விழுந்தால்? அம்மா என்ன சொல்வார் என்று பார்த்தேன். அவர் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை மூடியபிறகுதான், "ஒனக்குத் தோணுனதச் சொல்லு. கேட்டாச் சொல்லு" என்றார். விமான நிலையத்துக்கு வரவில்லை. டூட்டி இருந்தது. முதலாளி நல்ல மனநிலையில் இல்லாத வாரம் அது.

பெங்களூரில் இந்த முறை என்னைப் பார்த்தவர் ஒரு லேடி டாக்டர். ராணுவ அதிகாரி, தோளில் பட்டை, நரைத்த கொண்டை. அவரும் களைத்துத்தான் இருந்தார். கையிலிருந்த பழைய தாள்களைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் நாக்கின் நுனியில் நோ தயாராக நின்றது. மாதவிலக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சம்பந்தமில்லாமல் வேறொன்றைக் கேட்டார். பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ் இதிலெல்லாம் ஆசை உண்டா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு நோ சொல்ல அப்பா சொல்லித்தரவில்லை. "ஆமாம்" என்றேன். பச்சரிசி தின்பேன், ஐஸும் தின்பேன், இப்போது விட்டுப்போய்விட்டது. ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வரும், குறிப்பாக ஐஸ், சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ஒரு ஆமாம் வாயிலிருந்து விழுந்தபிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. எட்டு நாள், ஒன்பது நாள், இரண்டு துணி, மாடியில் விழுந்தது, மிஸ்ரி டாக்டர் கொடுத்த மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. டாக்டர் முகத்தைச் சுருக்காமல் எழுதிக்கொண்டார். கடைசியாக, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

மேடையில் ஐஸ் தட்டைத் தட்டும் சத்தம் காதில் கேட்டது. மூன்றாவது மாடியில் நின்று கையிலிருக்கும் சாவியைக் கைப்பையில் தேடுவது, பையில் மடித்த இன்னொரு யூனிஃபார்ம், என் கண்ணுக்கு நேரே வெளுத்த நகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"அம்மாவுக்கு" என்றேன்.

என்ன வைத்தியம் நடக்கிறது என்று கேட்டார். அம்மா நர்ஸ் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.

ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஓட விட்டு நாடி பார்த்தார்கள். பெஞ்சில் காத்திருந்தேன். நோ என்று சொல்லியிருக்கலாமோ என்று நூறு தடவை நினைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஃபிட். காரணம் தெரிந்து வைத்தியம் பார்த்து ரத்தம் ஏறியிருக்கிறது, பயிற்சிக்குத் தடையில்லை. முதல் முறையே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்று அந்த டாக்டர் கதவருகே சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்ட ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நுழைந்தேன். ராத்தாதான் எடுத்தார். அம்மாவை எழுப்பச் சொன்னேன்.

"ஃபிட்" என்றேன்.

அந்தப் பக்கம் அழும் சத்தம் கேட்டது. மாதா கோவிலுக்கு நேர்ந்துகொண்டதைச் சொன்னார். கஃபீல் இல்லாத வேலை என்றார். மறுபடியும் அழுதார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். சொன்னதற்கு ஒன்றும் செய்யவில்லை அம்மா, கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்றேன். பிறகு கேட்டேன்.

"அம்மா, ஐஸ் திங்கது எதுனால தெரியுமா?"

"தெரியும் மக்களே. நான் நர்ஸுல்லா?"

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? எத்தன வருசமா?"

"இங்க எல்லா மெடிக்கல்லயும் நான் ஃபிட்டுதான்" என்று சிரித்தார். "நெஞ்சுல சளி உண்டான்னு பாப்பான், காமால உண்டான்னு பாப்பான். அவனுக்கு ஒட்டுற சீக்கு இல்லன்னா ஃபிட்டு. ரத்தம் இருக்கா, எத்தன நாளு போகுதுன்னு ஒன்ட்ட கேட்டாங்க. என்ட்ட யாரு மக்களே கேட்டா?"

நான் கண்ணாடிக் கதவின்மேல் சாய்ந்துகொண்டேன். வெளியே ஒரு ஆள் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். என் தட்டில் விழுந்த ஈரல் ஒரு துண்டுகூட அவர் தட்டில் விழுந்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அப்பாமேல் வந்தது, என்மேல் வந்தது. அம்மா, இனிமேல் போனில் நல்லா இருக்கேன் என்று சொல்லாதீங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அந்த லேடி டாக்டர் எப்படிக் கேட்டாரோ அப்படியே, குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"நான் கேக்கேன். சொல்லுங்க. படி ஏறுனா மூச்சு வாங்குமா?"

"வாங்கும்."

"மயக்கம் வருமா?"

"டூட்டில ரெண்டு மூணு தடவ."

"மாசம் எத்தன நாளு போகும்?"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. அதன் நடுவே ஏ.சி.யின் உறுமல், ராத்தா ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம்.

"எண்ணுறத விட்டு ரொம்ப காலமாச்சு மக்களே" என்றார் அம்மா.

வெளியே நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.